ஒரே உடம்பு, இரண்டு எஞ்சின்

ஷரிபுதீன் மச்சானுக்கு வாய் பேசுவதற்கு முன் கை பேசிவிடும். என் அக்கா, றுகையா ராத்தாவைக் கட்டி எங்கள் வீட்டுக்கு வந்த புதிதிலேயே, வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரித்த ஒருவனை மண்வெட்டிப் பிடியால் அடித்து முன்பற்களைக் கழற்றினார். அவன் தன் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. "தெரிஞ்சிருந்தா மெதுவா அடிச்சிருப்பன்" என்றார். அவரிடம் மன்னிப்பு என்றால் அவ்வளவுதான்.

சாய்ந்தமருதில் பிறந்து, சம்மாந்துறை ஆலைகளிலிருந்து கொழும்புக்கு அரிசி லொறி ஓட்டிப் பிழைத்தவர். எழுபத்தேழில் ஆட்சி மாறி இறக்குமதிக்குக் கதவு திறந்ததும், கொழும்புப் பெரிய மனிதர்கள் பழைய கார்களைத் தள்ளிவிட்டுப் புதியதுக்கு ஓடினார்கள். அடுத்த வருடம், ஒரு தூதரகம் ஏலத்தில் விட்ட வெள்ளை பென்ஸ் ஒன்றை மச்சான் பிடித்துக்கொண்டு வந்தார். டிக்கியில் 200 என்று பொருத்தியிருந்தது. அது விலையா, வயதா, வேகமா என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது, கவலையும் இல்லை.

அந்தக் காரை ஓட்டியவன் நான், அச்சிமுகம்மது. கலியாணத்துக்கு வாடகைக்கு ஓடும் ஹயர்தான் தொழில். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியேற வேண்டும். பெண்ணுக்குத் தகப்பன் கட்டிக் கொடுக்கும் வீடு அது. அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையைக் காரில் ஏற்றி, முன்னால் பொல்லடிக்காரர்கள் கம்பு தட்டி ஆட, ஊர் பார்க்கக் கொண்டுபோவோம். வயல்காரப் போடியார் மகனும் அந்த 200இல்தான் போனான், கரைவலை இழுக்கிறவன் மகனும் அதில்தான் போனான். அந்தக் காலத்தில் காருக்காக எவனும் எவனையும் அடிக்கவில்லை. மச்சானின் மூத்த மகள் றம்லாவைக் கட்டிய ஜெமீலையும் அதில்தான் கொண்டுவந்தேன். சொந்தமாகக் கரைவலை வைத்திருந்த சம்மாட்டியின் மகன் அவன், தோள் அகலமானவன், பேச்சுக் குறைந்தவன். இறங்கும்போது என் கையைப் பிடித்து "நல்லா ஓட்டினீங்க மாமா" என்றான். எனக்கு அவனைப் பிடித்துப்போனது.

சம்மாந்துறை ஆலைக்கார மீராசா முதலாளிதான் கெடுத்தார். மகனுக்குக் கலியாணம். "கண்டவன் நிண்டவன் எல்லாம் ஏறின கார்ல என்ட மகன் ஏறமாட்டான்" என்றார். மச்சான் அவரை அடிக்காமல் விட்டது எனக்கு ஆச்சரியம். அடுத்த வாரமே என்னையும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போனார். அங்கே தரகன் காட்டியது அதே உடம்பு, அதே வெள்ளை, அதே கதவு. டிக்கியில் மட்டும் 280. மூடியைத் தூக்கினால் நாலு சிலிண்டருக்குப் பதிலாக ஆறு.

"ஒரே உடம்பு செய்யிறது கம்பனிக்கு லாபம் முதலாளி" என்றான் தரகன். "உள்ளுக்கு எஞ்சினை மாத்தி மூணு நாலு விலை வெப்பான். சின்னத வாங்கினவன் சும்மா இருப்பானா? பெரிசுக்கு ஆசப்படுவான்."

திரும்பி வரும் வழியில் நான் வாயை வைத்துக்கொண்டு இருக்கவில்லை. "மச்சான், பொல்லடிக்காரனுக்குப் பின்னால மாடு நடக்கிற வேகத்தில போறதுக்கு என்னத்துக்கு ஆறு சிலிண்டர்?"

"போறதுக்கில்லடா" என்றார். "பின்னால நிக்கிறவன் அந்த நம்பரப் பாக்கிறதுக்கு."

அதைப்பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். நீண்ட தெருவும் அவசர வேலையும் உள்ளவனுக்குப் பெரிய எஞ்சின், இல்லாதவனுக்குச் சின்ன எஞ்சின் என்றால் அது நியாயம். உழவு மெசினில்கூடப் பெரியது சின்னது இருக்கிறதுதானே. ஆனால் ஒரே உடம்பைச் செய்து, வித்தியாசத்தை முதுகில் எழுதி அனுப்பினால், வாங்குகிறவன் எஞ்சினுக்கு விலை கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரனின் முகம் சுருங்குவதைப் பார்ப்பதற்கு விலை கொடுக்கிறான். கார் செய்கிற படித்தவர்களுக்கு இது தெரியாது என்று நான் நம்பத் தயாரில்லை.

280 வந்த பிறகு ஊருக்குப் படிப்பு வந்துவிட்டது. சின்னப் பிள்ளைகள்கூடக் காரின் முன்பக்கத்தைப் பார்க்காமல் பின்னால் ஓடி நம்பரைப் பார்த்தார்கள். மருதமுனையில் ஒரு மாப்பிள்ளையின் அண்ணன், தம்பிக்கு 200 வந்திருக்கிறது என்று கண்டு முன் கண்ணாடிக்குக் கல் எறிந்தான். மச்சான் இறங்கி, வீல் ஸ்பேனரால் அவன் முழங்கையில் ஒரே போடு போட்டார். எலும்பு உடைந்த சத்தம் எனக்கு உள்ளே இருந்தே கேட்டது. நிந்தவூரில் ஒரே நாளில் கலியாணம் கட்டிய இரண்டு சகலன்மார் மூத்தவனுக்கு எது, இளையவனுக்கு எது என்று சமையல் பந்தலுக்குள் கத்தி எடுத்தார்கள். ஒருவனுக்கு வயிற்றில் தையல், மற்றவனுக்குக் கல்முனை ரிமாண்ட். இப்படி ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் 280க்குத்தான் ஆள் வந்தது. மச்சான் மீசையைத் தடவிக்கொண்டு வாடகையைக் கூட்டினார். 200 சும்மா கிடந்து தூசு பிடித்தது.

இந்தப் படிப்பு ஜெமீலையும் விடவில்லை. அவன் மாப்பிள்ளையாக வந்தபோது ஊரில் இருந்ததே அந்த ஒரு கார்தான். அதையெல்லாம் யார் நினைத்துப் பார்க்கிறார்கள்? கடற்கரையில் மற்ற வலைகளை இழுக்கிறவர்கள் அவனை "இருநூறு" என்று கூப்பிடத் தொடங்கினார்கள். முதலில் சிரித்தான். பிறகு ஒருவனை ஈர மணலில் அமுக்கி மூக்கை உடைத்தான். அதற்குப் பிறகு முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டார்கள், அது இன்னும் மோசம்.

எண்பத்தொன்றில் இளையவள் சுபைறாவுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். மக்கீன் என்று கல்முனை அரசாங்கக் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞர், மெலிந்த நல்ல பையன். மாப்பிள்ளை பெண் வீட்டு வாசலில் வந்து இறங்கியதும் பெண்ணின் சகோதரன்தான் அவன் காலுக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். மச்சானுக்கு ஆண் பிள்ளை இல்லை. ஆகவே அந்த வேலை மூத்த மருமகன் ஜெமீலுடையது. 200இல் வந்தவன் குனிந்து 280இல் வருகிறவனின் காலைக் கழுவ வேண்டும்.

கலியாணத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து ஜெமீல் கார்க் கொட்டிலுக்கு வந்தான். நான் 280ஐக் கழுவிக்கொண்டிருந்தேன். மச்சான் டயருக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட நாலைந்து வேலையாட்கள்.

"மாமா, ஒரு கதை" என்றான் ஜெமீல் மச்சானிடம், தணிந்த குரலில். "எந்தக் காரையும் எடுங்க. அந்த நம்பர மட்டும் அண்டைக்குக் கழட்டி வெச்சிருங்க. நான் சந்தோசமாக் கால் கழுவுவன்."

நானும் சேர்ந்துகொண்டேன். "ஓம் மச்சான். ரெண்டு ஆணிதான். நான் கழட்டிப் பூட்டித் தாறன்."

"என்ட சொந்த வீட்டுக் கலியாணத்துக்கே நம்பர ஒளிச்சா, நாளைக்கு எவன்டா 280 கேட்டு வருவான்?" என்றார் மச்சான்.

"அப்ப நான் கால் கழுவ வரமாட்டன். றம்லாவயும் விட்டுட்டு என்ட உம்மாட ஊட்டுக்குப் போயிருவன். அல்லாஹ் மேல சத்தியம்."

மச்சான் எழுந்தார். காற்றுப் பம்பின் இரும்புப் பிடி கையில் இருந்தது. பிடியால் அடிக்கவில்லை, அது வரைக்கும் நல்லது என்று நினைத்தேன். இடக்கையால் அறைந்தார். அவன் தடுமாறிக் காரின் முன்மூடியில் கையூன்றினான். மறுபடியும் அறைந்தார். உதடு கிழிந்து வெள்ளைப் பெயின்டில் இரத்தம் ஒழுகியது. அவன் திருப்பி அடித்திருந்தால் மச்சான் எழும்பியிருக்க மாட்டார். அவன் கையைத் தூக்கவே இல்லை. வேலையாட்கள் முகத்தைப் பார்த்தான், அவ்வளவுதான். போய்விட்டான்.

அன்று பின்னேரம் றம்லா தகப்பனைத் தேடி வந்தாள். அவள் தகப்பனுக்குப் பயப்படாதவள், அந்தக் குடும்பத்தில் அவள் ஒருத்திதான் அப்படி. "வாப்பா, அவர் சத்தியம் பண்ணினா மாறமாட்டார். என்ட வாழ்க்கைய விட உங்களுக்கு அந்த நம்பர் பெரிசா?" என்று கேட்டாள். "ஆம்பிளைக்கு ரோசம் ரெண்டு நாள்தான். போ புள்ள" என்றார் அவர். மகளின் வாழ்க்கையை இவ்வளவு அலட்சியமாக ஒரு மனிதன் தள்ளிவிட முடியுமா என்று எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

கலியாண நாள். அசர் தொழுகை முடிந்து, வெயில் சாய்ந்த நேரம். 280ஐ மச்சானே ஓட்டினார், பின் இருக்கையில் பட்டுத் தொப்பியோடு மக்கீன். நான் 200இல் மாப்பிள்ளை வீட்டுப் பெண்களை ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தேன். முன்னால் பொல்லடி. கம்புச் சத்தம் ஒரே தாளத்தில் போய்க்கொண்டிருந்தது. பெண் வீட்டுக்குப் போகும் குறுகிய ஒழுங்கைக்குள் திரும்பியதும் தாளம் கெட்டது. ஆடிக்கொண்டிருந்தவர்களுக்குள், ஆடத் தெரியாத சிலர் நுழைந்திருந்தார்கள். எல்லாரும் ஜெமீலின் வலைக்காரர்கள். கையில் இருந்தவை பொல்லடிக் கம்புகள் அல்ல, அதைவிட நீளமும் தடிப்பும்.

முதல் அடி முன் கண்ணாடியில் விழுந்தது. அடுத்தவை விளக்கில், கதவில், கூரையில். உண்மையான பொல்லடிக்காரர்கள் தடுக்கப் போய்த் தங்கள் கம்பாலேயே அடி வாங்கினார்கள். ஆட்டத்தை நடத்திய அண்ணாவியாரின் மண்டை பிளந்து சட்டை சிவந்தது. மாப்பிள்ளை வீட்டார் வேலிக் கட்டைகளைப் பிடுங்கிக்கொண்டு பாய்ந்தார்கள். யார் யாரை அடிக்கிறார்கள் என்று தெரியவில்லை. மக்கீனை யாரோ ஜன்னல் வழியாகத் தலைமயிரில் பிடித்து இழுத்து உடைந்த கண்ணாடியில் கழுத்தைத் தேய்த்தார்கள். அந்தப் பையன் ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்தினான். நான் 200ஐ நிறுத்திவிட்டு முன்னால் ஓடினேன். ஒருவன் என் விலாவில் அடித்தான், நான் அவன் காதைக் கடித்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், கடித்தேன்.

ஒழுங்கையின் நடுவில் ஜெமீல் நின்றான். கம்பைக் கீழே போட்டிருந்தான். 280க்கு நேர் முன்னால், கொஞ்சத் தூரத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "இறங்குங்க மாமா, ஆம்பிளையா இறங்குங்க!" என்று கத்தினான்.

நான் அப்போது காரின் பக்கத்தில் இருந்தேன். மச்சானின் நெற்றியில் கண்ணாடித் துண்டு ஏறியிருந்தது. அவர் இறங்கவில்லை. கியரைப் போடுவதைப் பார்த்தேன். "மச்சான், வேணாம்!" என்று கதவில் அடித்தேன். என் பக்கம் திரும்பவேயில்லை.

கண்ணாடி உடைந்த சத்தம் கேட்டு கலியாண வீட்டுக்குள் இருந்த றம்லா முக்காடும் இல்லாமல் வெளியே ஓடி வந்திருந்தாள். புருஷனை இழுத்துக்கொண்டு போகத்தான் வந்தாள். அவள் கை அவன் தோளில் பட்ட நேரம் 280 பாய்ந்தது. நான் இரண்டு காரையும் ஓட்டியவன், அதனால் சொல்கிறேன். 200 என்றால் இருமிவிட்டுத்தான் நகரும், விலகிக்கொள்ள அவளுக்கு ஒரு மூச்சு நேரம் கிடைத்திருக்கும். இது மிதித்ததும் பறந்தது. ஜெமீலை அவள் தள்ளிவிட்டாள். அவளைக் கார் ஒழுங்கை ஓரத்து மதிலோடு வைத்து நசுக்கியது.

மதிலின் கல் சரிந்து முன்மூடியில் விழுந்தது. அதற்குப் பிறகு ஒழுங்கையில் ஒரு கம்பும் அசையவில்லை. ஜெமீல் வெறுங்கையால் காரைத் தள்ளினான். நாங்களும் தள்ளினோம். வலது கால் முழங்காலுக்குக் கீழே காலாக இல்லை. 200இல் ஏற்றி மட்டக்களப்புக்கு ஓட்டினேன். ஜெமீல் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "நான் விட்டுட்டுப் போகமாட்டன்டி, போகமாட்டன்" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தான். சத்தியத்தை மீறியதற்கு அல்லாஹ் அவனை மன்னிப்பான் என்று நான் நம்புகிறேன். காலை வெட்டி எடுத்துத்தான் உயிரைக் காப்பாற்றினார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் பொலிஸ் வந்தது. கால் வழுக்கி மிதிபட்டுவிட்டது என்று சொல்லும்படி ஊர்ப் பெரியவர்கள் எல்லாரையும் பேசி வைத்திருந்தார்கள். றம்லாவும் அப்படியே சொன்னாள். மச்சான் ஒரு நாள்கூட உள்ளே இருக்கவில்லை. பிறகு சுபைறாவின் கலியாண எழுத்து, காவின், மௌலவி வீட்டில் சத்தமில்லாமல் நடந்தது. கழுத்தில் கட்டோடு மக்கீன் நடந்தே வந்தான்.

றம்லா வீடு திரும்பிய பிறகு, ஒரு பகல் மச்சான் அவளைப் பார்க்க வந்தார். கையில் பழப் பை. நான் உள்ளே இருந்தேன். ஜெமீல் எழுந்து அறைக்குள் போய்விட்டான். றம்லா கவைக்கட்டையை ஊன்றிக்கொண்டு வாசல் வரை வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னக் காப்பாத்திட்டாய் மகள்" என்றார் மச்சான்.

"பொலிசுக்குச் சொன்னது பொலிசுக்கு வாப்பா. இப்ப எனக்குச் சொல்லுங்க. கால் வழுக்கினதா?"

அவர் நிலத்தைப் பார்த்தார். பொய் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை, அந்த ஒரு நேர்மைக்கு அவரை மதிக்கிறேன். "இல்ல."

"ஆர மோதப் பாத்தீங்க?"

"உன்ட புருஷன."

"நான் குறுக்க வந்தத கண்டீங்களா?"

அவர் பழப் பையை மறு கைக்கு மாற்றினார். பிறகு, "கண்டன்" என்றார். "கண்ட பிறகும் காலை எடுக்க மனம் வரல்ல."

றம்லா அழவில்லை. கதவை ஒரு கையால் இழுத்துப் பிடித்தாள். "இது நீங்க எனக்குக் கட்டித் தந்த ஊடு வாப்பா. அதனால இதுக்குள்ள ஆர் வரலாம் எண்டு நான்தான் சொல்லணும். நீங்க வரவேணாம்."

யாரும் எதிர்த்துப் பேசினால் அந்த மனிதரின் கை தானாக எழும்பும். அன்று எழும்பவில்லை. பழப் பையைப் படியில் வைத்துவிட்டுப் போனார். எண்பத்தேழில் மௌத்தாகும் வரை பக்கத்து வளவில், சுபைறாவின் வீட்டில்தான் இருந்தார். நடுவில் ஒரு வேலிதான். றம்லா சமைத்தால் அவருக்கும் ஒரு கோப்பை, ஜெமீல் கையில் வேலிக்கு மேலால் போகும். அவரும் வாங்கிச் சாப்பிடுவார். வீட்டுக்குள் அவள் ஒருநாளும் கூப்பிடவில்லை.