பதினோராம் நம்பர் போனில் வந்த முட்டை

1. முட்டை

காலையில் ஆபீஸ் வந்து போனில் கேமைத் திறந்தேன். முந்தின நாள் முப்பத்தெட்டாம் லெவலில் விட்டுப்போன என் மிருகத்தைக் காணோம். அது நின்ற இடத்தில் ஒரு முட்டை இருந்தது. மூன்று வாரம் தீனி போட்டு வளர்த்த மிருகம்.

பக்கத்து நாற்காலி ஜெயந்தி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாண்ணா, கருவாடு திரும்ப முட்டைக்குள்ள போயிட்டானா?"

கருவாடு என்று அதற்குப் பேர் வைத்தவளே அவள்தான். காய்ந்த மீன் மாதிரி இருக்கிறதாம். அவளுடைய மிருகம் குண்டாக, எப்போதும் முறைத்துக்கொண்டு நிற்கும். அதற்கு மாமியார் என்று பேர். அவளுக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருஷங்கள் அவை. தட்டாஞ்சாவடியில் பிளாஸ்டிக் வாளி செய்யும் பட்டறைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். பிரான்சில் ஒரு கம்பெனி பட்டன் போன்களுக்காகச் செய்யும் கேம்களை, வெளியே விடுவதற்கு முன் நாங்கள் ஆடிப் பார்த்துக் குறை சொல்ல வேண்டும். அதற்குப் பெயர் டெஸ்டிங். இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். பேசச் சொன்னால் எனக்கு வராது.

2. நாற்காலி

அதற்கு முன் பஞ்சு மில்லில் துணி பார்க்கும் வேலை. விளக்கு வைத்த மேஜைமேல் துணி ஓடும். ஓட்டையோ முடிச்சோ தெரிந்தால் அந்த இடத்தில் ஓரமாகச் சிவப்பு நூல் கட்டுவேன். எந்தத் தறியில் வந்த குறை என்று நான் கேட்டதில்லை. கேட்டால் தறிக்காரன் பகை. நூலைக் கட்டிவிட்டு வாயை மூடிக்கொள்வதுதான் அங்கே பதினெட்டு வருஷம் நான் கற்ற தொழில்.

மில் மூடிய பிறகு இந்த ஆபீசில் போன்களுக்குச் சார்ஜ் போடும் ஆளாகச் சேர்ந்தேன். இருபது போன். ஒவ்வொன்றின் முதுகிலும் நம்பர் ஒட்டியிருக்கும். சாப்பாட்டு நேரத்தில் பதினோராம் நம்பர் போனில் அந்த மிருகம் வளர்க்கும் கேமை ஆடிக்கொண்டிருப்பேன். மெனு எல்லாம் பிரெஞ்சு. எனக்குத் தெரியாது. எந்த வரியை அமுக்கினால் தீனி, எந்த வரியை அமுக்கினால் சண்டை என்று இடம் பார்த்தே பழகினேன்.

ஒருநாள் முதலாளி பின்னால் வந்து நின்றார். பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிய தமிழ்க் குடும்பம். அவரை எல்லோரும் முசியே, அதாவது பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிடுவோம்.

"ஒரே குகையில எத்தினி நாளா சண்ட போட்டுனு இருக்க?"

"ஒம்போது நாளு, முசியே."

"படிச்ச பசங்க ரெண்டு மணி நேரத்துல தூக்கிப் போட்டுட்டானுங்க. உனக்குப் பொறும இருக்குது. நாளையிலேந்து நீ டெஸ்டர்."

சக்கரம் வைத்த நாற்காலி கொடுத்தார். என்னிடம் ஒரு பொருளைக் காட்டி, நன்றாக இருக்கிறதா இல்லையா என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. அந்த நாற்காலியை விட எனக்கு மனசில்லை. பின்னால் நடந்ததற்கெல்லாம் காரணம் அதுதான்.

3. இரண்டு பக்கம்

முசியே ஒரு தாளை நடுவில் மடித்துக் கொடுத்தார். "இந்தப் பக்கம் பலம், அந்தப் பக்கம் பலவீனம். தமிழ்ல எழுதிக் குடு. நான் பிரெஞ்சுல மாத்திக்குறேன்."

பலத்தில் நான் எழுதியது: ஒரே மாதிரி முட்டையிலிருந்து வந்தாலும் இரண்டு மிருகம் ஒரே மாதிரி வளர்வதில்லை. வளர்ப்பவர் கை தெரிகிறது. ஜெயிக்கும்போது போடும் தீனியை மிருகம் மறந்துவிடுகிறது. தோற்று வந்த அன்று போட்ட தீனியை மறப்பதில்லை. அப்படி வளர்ந்தது பிறகு பெரிய மிருகத்தின் முன்னாலும் ஓடாமல் நிற்கிறது. இது நல்ல யோசனை.

பலவீனத்தில் எழுதியது: ஒரே குகை, ஒரே சண்டை, நாற்பது தடவை. எழுத்து எறும்பு அளவு. மருந்துக்கடை ஊர்க் கோடியில் இருக்கிறது, போய் வருவதற்குள் மிருகம் படுத்துவிடுகிறது. சேவ் ஒன்றுதான் வைக்க முடியும். அது ஆக அரை நிமிஷம் பிடிக்கிறது.

முசியே படித்துவிட்டு, "பரவால்லையே, மனுஷன் மாதிரி எழுதுற" என்றார். இரண்டு நாள் அந்த வார்த்தையோடு சுற்றினேன்.

4. நாலரை மணி

முதல் முட்டைக்கு அடுத்த பத்து நாளில் இன்னும் இரண்டு தடவை முட்டை. மூன்றாவது தடவை என் கண் எதிரிலேயே நடந்தது. போன்களைச் சார்ஜுக்கு வைக்க நாலரை மணிக்கு எல்லோரும் சேவ் பண்ணுவோம். சேவ் ஓடிக்கொண்டிருக்கும்போது திரையில் ஒரு அழைப்பு வந்து ஒரே ரிங்கில் நின்றது. கேமைத் திறந்தேன். முட்டை.

அழைத்தது என் மனைவி கோமதி. பெரிய மார்க்கெட்டில் பூ விற்கிறாள். கடைசிச் சரம் போனதும் பக்கத்துக் கடைக்காரர் மொபைலிலிருந்து எனக்கு மிஸ்டு கால் கொடுப்பாள். ஒரு ரிங் என்றால் பஸ்ஸில் தவளக்குப்பம் வீட்டுக்குப் போகிறாள், இரண்டு ரிங் என்றால் நான் போய்க் கூட்டிவர வேண்டும். எனக்குச் சொந்தமாகப் போன் கிடையாது. பதினோராம் நம்பர் போனின் நம்பரைத்தான் கொடுத்திருந்தேன்.

ஆபீஸ் நம்பரை வெளியில் யாருக்கும் தரமாட்டேன் என்று சேரும்போதே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். தந்த ஒருவனை அன்றைக்கே வேலையிலிருந்து அனுப்பியதையும் பார்த்திருந்தேன்.

ஜெயந்தி டீ குடிக்கக் கீழே போன நேரம், ஆறாம் நம்பரிலிருந்து பதினோராம் நம்பருக்கு நானே கூப்பிட்டுப் பார்த்தேன், சேவ் ஓடும்போது. முட்டை. சந்தேகமே இல்லை.

போன் வந்ததால் என்று எழுதினால், பதினோராம் நம்பருக்கு யார் கூப்பிட்டது என்று எடுத்துப் பார்ப்பார்கள். தாளில் இப்படி எழுதினேன்: சில சமயம் மிருகம் முட்டையாகிவிடுகிறது.

"எப்பிடி ஆகுது?" என்றார் முசியே.

"தெரியல, முசியே."

"இன்னொரு தபா பண்ணிக் காட்டு."

"பண்ணிப் பாத்தேன். வரல."

"அப்போ நீதான் எதையாச்சும் தப்பா அமுக்கியிருப்ப" என்று அந்த வரியை அடித்துவிட்டார்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது கோமதியிடம், "இனிமே அந்த நம்பருக்கு அடிக்காத" என்றேன். ஏன் என்று கேட்டாள். ஆபீசில் திட்டுகிறார்கள் என்றேன். அதன்பின் கருவாடு முட்டையாகவில்லை. கேம் வெளியே போனது.

5. கையெழுத்து

இரண்டு மாதம் கழித்துப் பிரான்சிலிருந்து மெயில் வந்தது. சேவ் ஆகும்போது போன் வந்தால் மொத்தமும் அழிகிறது, வாங்கியவர்கள் கத்துகிறார்கள் என்று. முசியே எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்து வாசித்தார். எதை எதைச் சோதிக்க வேண்டும் என்று ஆளுக்கு ஒரு ஷீட் உண்டு; கேம் ஓடும்போது அழைப்பு வந்தால் என்ன ஆகிறது என்று பார்ப்பது ஜெயந்தியின் ஷீட். அதில் டிக் இருந்தது, அவள் கையெழுத்தும் இருந்தது.

"கூப்ட்டுப் பாத்தேன் முசியே. நல்லாத்தான் இருந்துச்சு."

"எப்போ பாத்த? சேவ் ஆவும்போது பாத்தியா?"

"மெனுவுல, சண்டையில, ரெண்டுலயும் பாத்தேன். சேவ்ல பாக்கணும்னு ஷீட்ல இல்லையே முசியே."

அவர் ஷீட்டை மேஜைமேல் போட்டார். அவள் என் பக்கம் திரும்பினாள். குற்றம் சாட்டும் முகம் இல்லை. ஏதாவது கிடைக்காதா என்று தேடும் முகம்.

"அண்ணே, உன்னுது முட்டையாச்சே. அப்போ போன் கீன் வந்துச்சா? யோசிச்சுப் பாருண்ணா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கீழே வாளி அச்சு அடிக்கும் சத்தம் கேட்டது.

"ஞாபகம் இல்லமா" என்றேன்.

மத்தியானத்துக்குள் அவளை அனுப்பிவிட்டார்கள். டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்தபடி, "மாமியாருக்குத் தீனி போட்டுடுண்ணா" என்றாள். மறுநாள் அவளுடைய ஷீட்டை என்னிடம் கொடுத்தார்கள். அதற்கப்புறம் ஏழு வருஷம் அந்த வேலையை நான்தான் செய்தேன். சேவ் ஓடும்போது கூப்பிட்டுப் பார்ப்பதில் என்னைப்போல் ஆள் இல்லை என்று முசியே புதுப் பிள்ளைகளிடம் சொல்வார்.

6. ஒரு முழம்

இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோமதியின் கடையில் உட்கார்ந்திருந்தேன். ஜெயந்தி வந்தாள். கழுத்தில் தாலி. ஒரு துணிக்கடையில் வேலையாம். நான் அறிமுகம் செய்துவைத்தேன். ஒரே ஆபீஸ் என்றதும் கோமதிக்குச் சந்தோஷம். பூவை அளந்துகொண்டே பேசினாள்.

"அப்பல்லாம் நான் உங்க ஆபீஸ் நம்பருக்குத்தான் மிஸ்டு கால் குடுப்பேன். திடீர்னு ஒருநாள் அடிக்கக் கூடாதுன்னுட்டாரு."

 ஜெயந்தி மெதுவாகக் கேட்டாள்.

"எத்தினி மணிக்குக் குடுப்பீங்க அண்ணி?"

"நாலரைக்கு. சேல்ஸ் முடிஞ்சதும்."

ஜெயந்தி பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். என்னை நேராகப் பார்த்தாள்.

"கருவாடு நல்லா இருக்கானாண்ணா?"

பதிலுக்கு அவள் நிற்கவில்லை. "நல்ல பொண்ணு" என்றாள் கோமதி.

7. கட்டம்

டெஸ்ட் ஷீட்டில் "எப்படி ஆனது" என்று ஒரு கட்டம் இருக்கும். குறை இருக்கிறது என்று சொல்வது பாதி வேலைதான். அது எப்படி வந்தது என்று அந்தக் கட்டத்தில் எழுதினால்தான் வேலை முடிகிறது. எழுதினால் உங்கள் பெயர் கெடும் என்றாலும் எழுதுங்கள். காலியாக விட்டால் அதில் வேறொருவர் பெயர் விழும்.

நான் எழுதாமல் விட்டது ஒரே வரி. சேவ் ஆகும்போது பதினோராம் நம்பருக்கு என் மனைவி கூப்பிட்டாள், நம்பரைக் கொடுத்தது நான். இப்போது எழுதிவிட்டேன். ஜெயந்திக்கு இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.