பகவதியம்மை கேட்ட மாற்கு

வீடு வீடாகப் படியேறி வேதம் வாசிக்கிற பைபிள் உமன் வேலைக்கு முதலில் வேண்டியது விசுவாசம் என்பார்கள். நல்ல செருப்பு என்பேன் நான். படியேறித் திட்டு வாங்கிப் பிழைத்தவர்கள் யாராக இருந்தாலும், அது ஊழியமோ வியாபாரமோ, நான் சொல்வதை ஒத்துக்கொள்வார்கள். இந்தப் பக்கமெல்லாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த காலம். திருவட்டாறு கோயிலுக்குப் பின்னால் ஒரு தெரு. வியாழக்கிழமைதோறும் அது என் பாடு.

சாணித் தண்ணீர்

என் தலையைக் கண்டதும் தெருவில் எல்லாக் கதவும் சாத்திக்கொள்ளும். நல்லமிளகு வியாபாரியின் மனைவி பகவதியம்மை வீட்டு முற்றத்துக்கு மட்டும் கதவு கிடையாது, ஒரு பலாமரம்தான். அந்த நிழலில் உட்கார்ந்து மாற்கு சுவிசேஷத்தைச் சத்தமாக வாசித்தேன். நான் எழும்பினதும் இருந்த இடத்தில் சாணியைக் கரைத்து ஊற்றினாள்.

அடுத்த வாரம் நான் தெருமுனையில் வரும்போதே ஊற்றிவிட்டாள், உட்கார விடக்கூடாதென்று. மீன மாச வெயில் மண்டையைப் பிளந்தது. ஈரத்தரை குளுகுளுவென்று இருக்கவே, அதிலேயே சுகமாக உட்கார்ந்துவிட்டேன். சேலையை யார் துவைப்பது என்பது வேறு விஷயம். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏட்டி, ஒனக்கு நாணம் மானம் ஒண்ணும் கெடையாதா?"

வள்ளம்

ஒரு பக்கம் முடிவதற்குள் விரட்டிவிடுவாள். ஒருநாள், கடலில் புயல் எழும்பி, படகுக்குள் தண்ணீர் ஏற, இயேசு தலையணை வைத்துத் தூங்குகிற இடம் வந்தது. "போதும், போ" என்றாள். போனேன்.

அடுத்த வியாழன் அவள் மரச்சீனிக் கிழங்குக்குத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். நான் இன்னும் புத்தகத்தைத் திறக்கவில்லை. கிழங்கிடம் கேட்பது மாதிரி, குனிந்த தலை நிமிராமல் கேட்டாள்: "அந்த வள்ளம் முங்கிச்சா, இல்லியா?"

கிணறு

அவள் கொழுந்தனுக்கு இது தெரிந்து, ஒருநாள் வந்து என் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கிக் கிணற்றில் எறிந்தான். தெருவே நின்று சிரித்தது. வீட்டுக்கு வந்து தேம்பித் தேம்பி அழுதேன், மறைப்பானேன்? எங்களை மேய்க்கிற மிஷன் மிசியம்மாவுக்கு விஷயம் போயிற்று. "இந்த மாதம் முடிவதற்குள் ஒரு வீடாவது உன்னை உள்ளே கூப்பிடாவிட்டால் அந்தத் தெரு வேண்டாம். பேச்சிப்பாறைக்குப் போ" என்று சொல்லிவிட்டார். எனக்கோ அந்த முற்றத்தை விட மனசில்லை. பாதிப் புத்தகம் பாக்கி கிடக்கிறதே!

மறு வியாழன் போனால், மதில்மேல் என் புத்தகம் காய்கிறது. பாதாளக்கரண்டி விட்டுத் துழாவி எடுத்தது பகவதியம்மைதான். நன்றி சொல்ல வாயெடுத்தேன். "நீ ஒண்ணும் நெனைக்காண்டாம். கெணத்துத் தண்ணி குடிக்கது நாங்க."

கல்லறை

மாசத்தின் கடைசி வியாழன். இயேசு சிலுவையில் இறந்ததும், அவரைக் கல்லறையில் வைத்து, வாசலில் கல்லைப் புரட்டி மூடின இடம்வரை வாசித்தேன். தூரத்தில் கொழுந்தன் வருவது தெரிந்தது. தள்ளாத குறையாக என்னை அனுப்பிவிட்டாள். ஒரு வீடும் கூப்பிடவில்லை. பேச்சிப்பாறைக்குப் பெட்டி கட்ட ஆரம்பித்தேன்.

சனிக்கிழமை சந்தையில் யாரோ என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார்கள். பார்த்தால் பகவதியம்மை! "கல்ல வெச்சு அடைச்சாவளே, பொறவு?" என்றாள். கருவாட்டுக் கூடைகளுக்கு நடுவே நின்று, கல் புரண்டு கிடந்ததையும் அவர் உயிர்த்தெழுந்ததையும் சொன்னேன். கண் கொட்டாமல் கேட்டாள். "அப்பம் முடிஞ்சிட்டு. இனி நீ வராண்டாம்."

விடவில்லை நான். "முடியலம்மா. இதே கதைய இன்னும் மூணு பேரு எழுதியிருக்காவ."

"எல்லாவனும் ஒண்ணுபோலயா சொல்லுகான்?"

"கொஞ்சம் கொஞ்சம் மாறும்."

மூக்கைச் சொறிந்துகொண்டு யோசித்தாள். "அப்பம் வியாழக்கெழம வீட்டுக்குள்ள வா. எவன் கள்ளம் சொல்லுகான்னு எனக்குப் பாக்கணும்."

ஒரு வீடாவது கூப்பிட்டதா என்று மிசியம்மா கேட்டதற்குக் கூப்பிட்டது என்றேன். எதற்கென்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.