பதினைந்து நாள் களிம்பு

1953 அக்டோபர் 12, திங்கட்கிழமை. டிஸ்பென்சரியை ஏழே காலுக்குத் திறந்தேன். ஸ்டெரிலைசரில் ஊசிகளைக் கொதிக்கப் போட்டேன். அல்கலைன் மிக்ஸ்சர் இரண்டு பாட்டில், இருமல் மிக்ஸ்சர் ஒரு பாட்டில் கலந்து வைத்தேன். மழை தூறிக்கொண்டிருந்ததால் கூட்டம் குறைவு. ஒன்பதரை மணிக்கு மூத்திரப் பரிசோதனைக்கு உட்கார்ந்தேன். அன்று மூன்று பாட்டில்கள். இரண்டில் ஒன்றுமில்லை. மூன்றாவது தாணம்மையுடையது. டெஸ்ட் டியூபில் முக்கால் பாகம் ஊற்றி மேல்பாகத்தை ஸ்பிரிட் லேம்பில் காட்டினேன். கொதி வருவதற்கு முன்பே வெள்ளையாகத் திரண்டது. அசெட்டிக் ஆசிட் இரண்டு சொட்டு விட்டேன், கரையவில்லை; கிட்னி கெட்டால் மூத்திரத்தில் இறங்கும் சத்து அது. ‘ஆல்புமின், மிக அதிகம்’ என்று சீட்டில் எழுதி டாக்டர் மேஜையில் வைத்தேன்.

நான் வடசேரியில் ஒரு தனியார் டிஸ்பென்சரியில் இருபத்தோரு வருடம் கம்பவுண்டராக இருந்தேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக, என் நாட்குறிப்பைப் பார்த்து இதை எழுதுகிறேன். தேதிகளில் பிழை இருக்காது.

தாணம்மைக்கு அப்போது வயது நாற்பத்து மூன்று. கணவர் மாதேவன் பிள்ளை சர்வே ஆபீஸில் கிளார்க். ஆகஸ்டு முதல் அந்த அம்மைக்குக் கால் வீங்கியிருந்தது; விரலால் அழுத்தினால் குழி விழுந்து நிற்கும். உப்பில்லாப் பத்தியம், மருந்து, ஊசி எல்லாம் கொடுத்தும் வற்றவில்லை. அன்று டாக்டர் பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நான் கழுவிய டியூப்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

“பாரும் பிள்ளை, மறைக்காம சொல்லணும். வைத்தியன் யாராவது ரசம் சேர்ந்த மருந்து குடுத்தானா? பாதரசம். பஸ்பமோ, செந்தூரமோ, எதுவானாலும் சொல்லும். கிட்னி இப்படிப் போகதுக்கு எனக்கு வேற காரணம் தெரியல்ல.”

பிள்ளைக்குக் கோபம் வந்தது. “எங்க வீட்டுல அதெல்லாம் யாரும் தொடுகதில்ல சார். உங்க மருந்தத் தவிர வேற ஒண்ணும் அவ வாய்க்குள்ள போகல்ல.”

அவர் சொன்னது உண்மை. வாய்க்குள் போகவில்லை.

கண்ணாடி அலமாரியின் இரண்டாம் தட்டில் ஒரு வெள்ளைப் பொடி இருந்தது. லேபிளில் ஹைட்ரார்ஜ் அம்மோன் என்று லத்தீனில் எழுதியிருக்கும். ஹைட்ரார்ஜ் என்றால் பாதரசம் என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவன் நான். முந்திய வியாழக்கிழமை, எட்டாம் தேதி, அந்தப் பொடியைக் களிம்பாக அரைத்து தாணம்மையின் ஜாடியை நிரப்பிக் கொடுத்திருந்தேன். டாக்டர் வாயிலிருந்து அந்தச் சொல் வரும்வரை இரண்டையும் நான் சேர்த்துப் பார்த்ததில்லை.

614

1951 பங்குனியில் தாணம்மை முதல்முறை வந்தது இரண்டு கன்னத்திலும் கருந்திட்டாக மங்கு என்று. டாக்டர் அம்மோனியேட்டட் மெர்க்குரி ஆயிண்ட்மெண்ட் எழுதினார். இரவில் மட்டும், மெல்லிசாக, பதினைந்து நாள். ரிஜிஸ்டரில் 614ஆம் நம்பர். நான் பொடியை நிறுத்து, வெள்ளைப் பீங்கான் தட்டில் பாரஃபினோடு ஸ்பேச்சுலாவால் தேய்த்து, விரலுக்கு நெருடாத பதம் வந்ததும் ஜாடியில் அடைத்து நம்பரை ஒட்டினேன்.

பதினைந்து நாளில் மங்கு போயிற்று. ஜாடி திரும்ப வந்தது. அவர்கள் வீட்டில் வேலை செய்யும் செல்லம்மை கொண்டுவந்தாள். அன்றைய வழக்கம் இது: காலி பாட்டிலோ ஜாடியோ நம்பரோடு வந்தால் ‘ரிப்பீட்’. மிக்ஸ்சர் என்றால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்போம். மேல்பூச்சுக்குக் கேட்பதில்லை. எழுதி வைப்பதும் இல்லை. நம்பரைப் பார்த்து நிரப்பிக் கொடுத்துவிடுவோம். அப்படி இரண்டரை வருடம் 614ஐ நிரப்பினேன். ரோஜா மணம் வேண்டும் என்று அந்த அம்மை சொல்லியனுப்பியபோது அதையும் சேர்த்தேன்.

முகம் மாறியது. நிறம் தெளிந்தது. கண்ணோரத்துச் சுருக்கம் முதலில் மங்கி, பிறகு அடியோடு மறைந்தது. 1953 வைகாசி வாக்கில் கன்னம் நிறைந்து, தோல் இழுத்துப் பிடித்ததுபோல் மினுங்கியது. செல்லம்மை ஜாடியை நீட்டும்போதெல்லாம் ஏதாவது சொல்வாள்.

“எங்க அம்மைக்க மொகத்தப் பாத்தேளா? மகளுக்குக் கல்யாணம் பேச வந்தவன் தாயப் பொண்ணுன்னு நெனச்சு எழும்பி நிக்கான். எனக்கும் ஒரு உருண்ட தாருங்களேன், எம் மாப்ள ஓடிப்போகாம கெடப்பான்.”

ஒருநாள் தாணம்மையே வந்திருந்தபோது, “அம்மைக்கு வயசு கீழ்ப்பக்கமா போய்ட்டு இருக்கு” என்று நானும் சொன்னேன். அந்த அம்மை முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அது தசை அல்ல, நீர் என்று எனக்குத் தெரியவில்லை. சுருக்கத்தை நிரப்பியது வீக்கம்தான். காலில் மெட்டி புதையும்வரை யாரும் அதை நோய் என்று நினைக்கவில்லை. முகத்தில் இருந்தவரை அது அழகு.

இன்னொன்றையும் இங்கே எழுதியாக வேண்டும். அந்த முகத்தைக் கல்யாண வீடுகளில் பார்த்த வேறு ஆறு பெண்கள் எனக்குச் சொல்லியனுப்பினார்கள். ஆறு பேரும் நாற்பதைத் தொட்டவர்கள் அல்லது கடந்தவர்கள். யாருக்கும் டாக்டர் சீட்டு கிடையாது. நான் செய்து கொடுத்தேன். சீட்டில்லாமல் போன ஆறு ஜாடியிலும் அதே 614ஐ ஒட்டினேன்.

ஒன்பது நாள்

அக்டோபர் 12 அன்றே டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இருபத்தோரு வருட வேலை போய்விடும் என்று நினைத்தேன். மேல்பூச்சு கிட்னிவரை எப்படிப் போகும், டாக்டர் சொன்னது உள்ளுக்குச் சாப்பிடும் ரசத்தை அல்லவா என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

16ஆம் தேதி வெள்ளிக்கிழமை ஜாடி வந்தது. பொடி சேர்க்காமல் வெறும் பாரஃபினில் ரோஜா மணம் கலந்து நிரப்பிக் கொடுத்தேன். இதோடு தீர்ந்தது என்று நினைத்தேன்.

21ஆம் தேதி புதன்கிழமை காலை பிள்ளை ஓடி வந்தார். மனைவிக்குப் படுத்தால் மூச்சு முட்டுகிறது, தலையணையில் சாய்ந்தே இருக்கிறாள் என்றார். டாக்டர் பையை எடுத்துக்கொண்டு போனார். அவர் போய்ச் சற்று நேரத்தில் செல்லம்மை அதே ஜாடியோடு வந்தாள். முக்கால்வாசி அப்படியே இருந்தது.

“இது கொள்ளாதுன்னு அம்மை சொல்லிட்டா. மணம் இருக்கு, பலம் இல்லியாம். பழைய மாதிரி செய்து தரச் சொன்னா.”

பிறகு பார்க்கலாம் என்று ஜாடியோடு அவளைத் திருப்பி அனுப்பினேன். மூச்சுவிட முடியாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவர் இதைச் சொல்லியனுப்பியிருந்தார். என்னால் அதற்கு மேல் முடியவில்லை. டாக்டர் திரும்பி வந்ததும் 614ஆம் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்து, இரண்டரை வருடமாக ரிப்பீட் கொடுத்ததைச் சொன்னேன். அவர் அந்த வரியில் விரலை வைத்தார்.

“எழுதுனது நான். பதினஞ்சு நாள்னு எழுதுனேன். அதுக்குப் பொறவு நான் கேக்கல்ல, நீரும் சொல்லல்ல.” பிறகு கேட்டார்: “வேற யாருக்கும் குடுத்தீரா?”

“இல்லை சார்” என்றேன்.

இந்தத் தொழிலில் நான் சொன்ன பொய்களில் இன்றுவரை எண்ணிப் பார்ப்பது இது ஒன்றைத்தான். சீட்டோடு கொடுத்தது கவனக்குறைவு. சீட்டில்லாமல் கொடுத்தது குற்றம். முதலாவதைச் சொல்லிவிட்டு இரண்டாவதை மறைத்தேன்.

ஜாடியை வாங்கப் போனது

அந்த வீட்டிலுள்ள களிம்பு முழுவதையும் நானே போய் வாங்கி வரவேண்டும் என்று டாக்டர் சொன்னார். மத்தியானம் போனேன். பிள்ளை ஆபீஸுக்கு லீவு சொல்லப் போயிருந்தார். தாணம்மை கட்டிலில் மூன்று தலையணை சாய்த்து உட்கார்ந்திருந்தார். கண்ணிமை வீங்கிக் கண் கோடாகத் தெரிந்தது. நெற்றியில் ஒரு சுருக்கம் இல்லை.

களிம்பில் பாதரசம் இருக்கிறது, அதுதான் கிட்னியைக் கெடுத்தது என்று விளக்கினேன்.

“அண்ணாச்சி, இத நிறுத்துனா பழைய மொகம் வந்துருமா?”

“வரும் அம்மா.”

“அப்படியேயா?”

“அப்படியேதான். ஆனா ஆள் இருப்பீங்க.”

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். “நான் அவருக்கு மூணு வயசு மூப்பு. முறைப்பொண்ணுன்னு கெட்டி வச்சுட்டாவ. ரெண்டர வருசத்துக்கு முன்ன வரைக்கும் ஒருத்தரும் ஒண்ணும் சொன்னதில்ல. மண்டைக்காட்டு அம்மன் கொடைக்குப் போயிருந்தோம். வளக்காரன் என் கையப் புடிச்சுக்கிட்டு அவர்ட்ட கேக்கான், ‘அக்காளுக்கு இந்த அளவு சரியா இருக்குமா’ன்னு. அவரு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன்.”

அது 1951 மாசி. மங்குக்கு மருந்து கேட்டு டிஸ்பென்சரிக்கு வந்தது அடுத்த மாதம்.

ஜாடியையும், பழைய களிம்பு கொஞ்சம் ஒதுக்கி வைத்திருந்த ஒரு கிண்ணத்தையும் செல்லம்மையை விட்டு எடுத்துவரச் செய்தார். பிள்ளைக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நானும் சரி என்றேன். டாக்டரிடம் கேட்டேன்; மருந்து நின்றால் போதும், வீட்டுக்குள் சண்டை எதற்கு என்று அவரும் விட்டுவிட்டார்.

நவம்பர் முதல் இரண்டு வாரம் நீர் வடிந்தது. பரிசோதனையில் ஆல்புமின் பாதியாகக் குறைந்தது. டாக்டர் என் தோளில் தட்டினார். முகம் வற்றியபோது சுருக்கங்கள் முன்னைவிட ஆழமாக விழுந்தன. ஒருமுறை பார்க்கப் போனபோது தாணம்மை முந்தானையால் கன்னத்தை மறைத்துக்கொண்டே பேசினார். மூன்றாம் வாரத்தில் டியூப் மறுபடியும் திரண்டது. களிம்பை நிறுத்திய பிறகு ஏன் என்று டாக்டருக்குப் புரியவில்லை. புத்தகங்களைப் புரட்டினார். அந்த அம்மையிடம் கேட்டார். ஒன்றுமில்லை என்று தாணம்மை தலையசைத்தார். டிசம்பர் 9, புதன்கிழமை, காலை பத்து மணிக்கு தாணம்மை இறந்தார்.

பிள்ளை வந்தது

டிசம்பர் 28, திங்கட்கிழமை. பதினாறாம் நாள் அடியந்திரம் முடிந்த பிறகு மாதேவன் பிள்ளை டிஸ்பென்சரிக்கு வந்தார். டாக்டர் உள்ளே நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை துண்டில் சுற்றிக் கொண்டுவந்ததை என் மேஜையில் வைத்து அவிழ்த்தார். ஒரு ஜாடி. அரிசிப் பானைக்குள் கிடந்தது என்றார்.

“நம்ம டிஸ்பென்சரி நம்பர் ஒட்டியிருக்கு. இது என்ன மருந்து? இதையா அவ ஒளிச்சு வச்சிருந்தா?”

614 என்று என் கையெழுத்தில் இருந்தது. ஆனால் தாணம்மையின் ஜாடியை அக்டோபரிலேயே நான் வாங்கி உடைத்துப் போட்டுவிட்டேன். இது தகர மூடி போட்ட வேறு ஜாடி. கிருஷ்ணன்கோவில் இசக்கியம்மைக்கு நான் கொடுத்தது. ஆறு பேரில் ஒருவர். தாணம்மைக்கு ஒன்றுவிட்ட தங்கை. நவம்பரில் அவர் நோய் பார்க்க வந்தபோது தாணம்மை கேட்டு வாங்கி ஒளித்து வைத்திருக்கிறார். அந்த ஆறு பேரை நான் டாக்டரிடம் சொல்லியிருந்தால் அந்த ஜாடி நவம்பரில் யார் வீட்டிலும் இருந்திருக்காது.

பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மங்கு, ரிப்பீட், வீக்கம், வளையல்காரன் கேட்டது, சொல்ல வேண்டாம் என்று அந்த அம்மை கேட்டுக்கொண்டது. கடைசியில் என் பொய்யையும் சொன்னேன். அவர் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒரே ஒரு விஷயத்தில் நின்றுவிட்டார்.

“எந்த வளக்காரன்?”

மண்டைக்காட்டில், கொடையில் என்றேன். யோசித்துப் பார்த்தார்.

“எனக்கு ஓர்மையே இல்லியேவே.”

இரண்டுமுறை அதையே சொன்னார். ஜாடியை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் எங்கள் டிஸ்பென்சரிக்கு வந்ததில்லை.

அவர் இறங்கிப் போனதும் உள்ளே போய் டாக்டரிடம் ஆறு பேரைச் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. “உம்ம வேலையப் பத்திப் பொறவு பேசலாம். பேரெல்லாம் எழுதும்” என்றார். எழுதுவதற்கு ரிஜிஸ்டரில் ஒன்றும் இல்லை. இருபத்தோரு வருடம் ஒருநாள் விடாமல் நாட்குறிப்பு எழுதியவன், அந்த ஆறு பெயரை எங்கும் எழுதி வைக்கவில்லை. மனதிலிருந்து எடுத்து எழுதினேன். ஐந்து உடனே வந்தன. ஆறாவதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று.

புதிதாக வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஜாடி வந்தால் ஆளைக் கூப்பிட்டுப் பாருங்கள். மேல்பூச்சானாலும் எத்தனை நாள் என்று எழுதியதைத் தாண்டி ஒரு குன்றிமணி கொடுக்காதீர்கள். நோயாளி நன்றாக இருக்கிறேன் என்று சொல்வதும், பார்ப்பவர்கள் அழகாக இருக்கிறார் என்று சொல்வதும் பரிசோதனை ஆகாது. தவறு செய்தால் முழுவதையும் ஒரே தடவையில் சொல்லுங்கள். பாதி சொன்னால், சொன்ன தைரியத்தில் மீதி வாய்க்குள்ளேயே இருந்துவிடும்.

மறுநாள், டிசம்பர் 29, செவ்வாய்க்கிழமை. டிஸ்பென்சரியைத் திறக்கவில்லை. காலை ஆறரை மணிக்கு முதல் வேலையாக கிருஷ்ணன்கோவிலில் இசக்கியம்மையின் வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த அம்மையே திறந்தார். முகத்தை நான் பார்க்கவில்லை. காலை நீட்டச் சொல்லி, முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி, பத்து எண்ணி எடுத்தேன். குழி விழுந்து அப்படியே நின்றது.