ஜன்னல் வழியே வந்த பிள்ளை

என் வீட்டுக்காரர் பின்லாந்துக்காரர். அவருடைய ஊரில் பஸ்ஸில் ஏறினால் ஆளில்லாத சீட்டாகத் தேடி உட்காருவார்கள். ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் உட்காருவது வேறு வழியே இல்லாதபோதுதான். அப்படி வளர்ந்த மனுஷனைச் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து நிறுத்தினால் என்ன ஆகும்? வந்த புதிதில் ஒருநாள், பஸ் நிற்கும் முன்பே ஜன்னல் வழியாக ஒரு துண்டு உள்ளே வந்து விழுந்தது. பாவம், யாரோ தவறவிட்டுவிட்டார் என்று இவர் அதை மடித்து, வெளியே நின்ற பெரியவரிடம் பணிவாகத் திருப்பிக் கொடுத்தார். இடம் பிடிக்கத் துண்டு போட்டவர் பார்த்த பார்வை இருக்கிறதே! சிரித்து முடித்துவிட்டு விளக்கிச் சொன்னேன். துண்டு கிடக்கிற சீட்டில் வேறு யாரும் உட்காரமாட்டார்கள் என்பதை அவரால் நம்பவே முடியவில்லை. "உங்கள் ஊருக்குப் போலீஸே வேண்டாம், ஒரு துண்டு போதும்" என்றார். அன்றிலிருந்து பஸ்ஸில் யார் எதை நீட்டினாலும் வாங்கி மடியில் வைத்துக்கொள்ளப் பழகிவிட்டார். பை, டிபன் கேரியர், ஒருதடவை பூக்கட்டோடு ஒரு கூடை.

எனக்கு அதில் பெருமைதான், அந்த வாட்ஸ்அப் வரும்வரை. எங்கள் குடும்பக் குரூப்பில் சித்தி ஒரு குரல் செய்தியை அனுப்பியிருந்தாள். பிள்ளை பிடிக்கிறவர்கள் நம் பக்கம் இறங்கியிருக்கிறார்கள், வெளியூர் முகமாக இருக்கும், தமிழ் சரியாக வராது, கண்டால் விடாதீர்கள். அது பொய் என்று எனக்குத் தெரியும். சித்திக்கும் தெரியும். தெரிந்தே அனுப்புகிறார்களே என்பதுதான் எனக்குக் கிலி. மறுநாளே எங்கள் தெருவில் போர்வை விற்க வந்த வடக்கத்தி ஆளைச் சுற்றி நின்றுகொண்டு ஆதார் கார்டு கேட்டார்கள். போர்வைகளைத் தரையில் போட்டுவிட்டு அவர் கைகூப்பி நின்றார். கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டார்கள். ஆனால் அந்தக் கைகள் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. வீட்டுக்காரரிடம் எதையும் சொல்லவில்லை. அவரை எதற்கு வீணாகப் பயமுறுத்த வேண்டும்?

அந்த வாரம்தான் வாசுதேவநல்லூரில் என் கல்லூரித் தோழி வீட்டுப் பால்காய்ப்பு. முகூர்த்த நாள், பஸ் ஸ்டாண்டில் எள் போட்டால் எள் விழாது. எப்படியோ ஏறினோம். பெண்கள் பக்கம் முன்னால் எனக்கு ஒரு சீட் கிடைத்தது. அவர் பின்னால் வலது பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தார். எங்களுக்கு நடுவில் பாதையெல்லாம் ஆட்கள்.

திரும்பிப் பார்த்தபோது அவர் மடியில் ஒரு பிள்ளை இருந்தது. ஒன்றரை வயது இருக்கும், கன்னத்தில் மைப்பொட்டு. ஜன்னல் வழியாக யாரோ கொடுத்திருக்கிறார்கள். ஏறுகிற நெருக்கடியில் எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். பையை வாங்குகிறவர் பிள்ளையையும் வாங்கிக்கொண்டார். கொதிக்கிற பால் சட்டியைப் பிடித்த மாதிரி இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். விசில் ஊதி பஸ் கிளம்பியது. பிள்ளையைக் கேட்டு யாரும் வரவில்லை.

ஊர் எல்லை தாண்டியது. அப்போதும் யாரும் வரவில்லை. தாய் ஏறவே இல்லையா? அங்கே நின்று அலறிக்கொண்டிருக்கிறாளா? பிள்ளை அழ ஆரம்பித்தது. பக்கத்தில் நின்ற வெள்ளைச் சட்டைக்காரர் குனிந்து கேட்டார்.

"இது யாரு பிள்ள?"

என் வீட்டுக்காரர் தனக்குத் தெரிந்த தமிழில் உண்மையைச் சொன்னார். "தெரியாது."

"தெரியாதா? யாரு பிள்ளைன்னு தெரியாமலா மடியில வச்சிருக்கீரு?"

நாலைந்து தலைகள் திரும்பின. "ஏ, வாட்ஸ்அப்ல போட்டிருந்தாம்லா" என்று எங்கிருந்தோ ஒரு குரல். ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுக்கத் தொடங்கினான். நான் எழுந்தேன். அசைய முடியவில்லை. என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

"அவுக என் வீட்டுக்காரரு!"

"அப்ப பிள்ள உங்களுதா?"

"இல்ல."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. பஸ் முழுக்க அவர் பக்கம் திரும்பியது. என் கண்ணில் தெரிந்ததெல்லாம் போர்வைக்காரரின் கைகள்தான். இவருக்குக் கைகூப்பக்கூடத் தெரியாதே, இரண்டு கையிலும் பிள்ளை வேறு இருக்கிறதே என்று நினைத்தேன். "கண்டக்டர் அண்ணாச்சி, வண்டிய நிறுத்துங்க! பிள்ளையோட அம்மா ஏறல!" என்று கத்தினேன். கத்தும்போதே அழுதுவிட்டேன்.

பின்படிக்கட்டுப் பக்கமிருந்து ஒரு பெண் குரல் சாவகாசமாக வந்தது. "நான் இங்கனதான் நிக்கேன். எதுக்கு வண்டிய நிறுத்தச் சொல்லுதீக? உள்ள வர வழி இல்ல, வாரேன்."

வந்தாள். ஆட்களை விலக்கிக்கொண்டு, தோளில் ஒரு பையோடு, வேர்த்து வடிய. பிள்ளையின் கன்னத்தைத் தட்டி, "ஏட்டி, எதுக்கு அழுவுத?" என்றாள். பிள்ளை நிறுத்திவிட்டது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த கையோடு கோபமும் வந்தது.

"முன்னபின்ன தெரியாத ஆளுட்ட எப்படிம்மா பிள்ளையக் குடுத்த?"

அவள் என் வீட்டுக்காரரை மேலும் கீழும் பார்த்தாள். "இவுக எங்க ஓடிப் போவாக, அக்கா? எந்த ஊருல எறங்குனாலும் ஊரே பாத்துச் சொல்லிராதா?"

பஸ் முழுவதும் சிரித்தது. வீடியோ எடுத்தவன் போனைத் திருப்பி அவரோடு செல்ஃபி எடுத்துக்கொண்டான். வெள்ளைச் சட்டைக்காரர் தன் மஞ்சள் பையை அவர் காலடியில் வைத்து, "பாத்துக்கிடும்" என்றார். பிள்ளையைத் தாய் திரும்ப வாங்கவே இல்லை. அவளுக்கு உட்கார இடமில்லாததால், பிள்ளை வழி முழுக்க அவர் மடியிலேயே தூங்கியது. நான் மட்டும் இறங்கும்வரை அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசுதேவநல்லூரில் இறங்கியதும் அவர் கேட்டார். "பிள்ளை அழுதது சரி. நீ எதற்கு அழுதாய்?" அவருக்கு ஒன்றுமே புரிந்திருக்கவில்லை. குழந்தையைச் சரியாகப் பிடிக்கத் தெரியவில்லை என்று திட்டுகிறார்கள் என்று நினைத்தாராம். ரோட்டோரம் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சித்தி அனுப்பியது, போர்வைக்காரர், வீடியோ. சாப்பாட்டுப் பந்தியில் இலையைப் பாதியிலேயே மூடிவிட்டார்.

சாயங்காலம் திரும்பும் பஸ்ஸில் இருவருக்கும் ஒரே சீட்டில் இடம் கிடைத்தது. ஜன்னலோரம் அவர்தான். பஸ் நிற்கும்போதே வெளியே இருந்து ஒரு கை பை ஒன்றை உள்ளே நீட்டியது. அவருடைய கை பாதி எழுந்து நின்றுவிட்டது. வாங்கட்டுமா என்று என் முகத்தைப் பார்த்தார். இத்தனை நாளில் அவர் அப்படிப் பார்த்ததே இல்லை.

அவரைத் தாண்டிக் கையை நீட்டி நான்தான் அந்தப் பையை வாங்கினேன். மடியில் வைத்துக்கொண்டு, அதன் சொந்தக்காரர் ஏறிவிட்டாரா என்று படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.