அறுபது அடிக் கயிறு

நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். எனக்குக் கோபம் இல்லை. நானும் நம்பாத ஆள்தான். வருடக்கணக்கில் டீசல் இன்ஜின் பிரித்து மாட்டுகிறவன். சத்தம் வந்தால் பேரிங் என்பேன், புகை வந்தால் பம்ப் என்பேன். பேய் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதோடு இது நடுராத்திரியில் சுடுகாட்டுப் பக்கம் நடந்த சமாசாரமும் கிடையாது. பட்டினப்பாக்கம் கடற்கரையில், சாயங்காலம், குப்பத்து ஜனம் பாதி பேர் நிற்கும்போது நடந்தது. யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் மனைவி ரோஸியின் தம்பி சூர்யா. பட்டினப்பாக்கத்தை ஒட்டிய சீனிவாசபுரத்தில் ஃபைபர் படகு வைத்து மீன் பிடிக்கிறான். போன வருடப் புயலில் அவன் படகு சுக்குநூறாகிப் போனது. படகுகளை மேலே இழுத்துப் போட அங்கே ஒரே ஒரு டிராக்டர்தான். அவன் முறை வருவதற்குள் அலை வந்துவிட்டது. இருந்த நகையை எல்லாம் போட்டு இன்னொரு படகு வாங்கினான். இதுவும் போனால் அவன் குடும்பம் தெருவில்தான். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"மாமா, உன் வண்டியிலயே இழுத்துக்கினா இன்னா?" என்று கேட்டான்.

என்னிடம் இருந்தது ஒரு சின்ன லாரி, நாலு சிலிண்டர். ஐஸ் ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறவே முக்கி முனகும். எங்கள் பாஷையில் சொன்னால், புல்லிங் கிடையாது. ஈர மணலில் படகு இழுக்க வேகம் வேண்டாம். மெதுவாகச் சுற்றும்போதே முழு பலமும் வர வேண்டும். அதற்காக இன்ஜினையே இறக்கிவிட்டேன். சிலிண்டரைப் போர் போட்டு அகலமாக்கிப் பெரிய பிஸ்டன் மாட்டினேன். பம்பில் டீசலைக் கூட்டினேன். காற்றை அழுத்தி உள்ளே தள்ளக் குட்டியாக ஒரு டர்போ வைத்தேன்.

எல்லாவற்றையும்விட முக்கியம் கிராங்க். பிஸ்டன்கள் மிதித்துச் சுற்றுகிற இரும்புத் தண்டு அது. வீச்சு கூடிய கிராங்க் போட்டால் இழுவை தானாகக் கூடும். புதுப்பேட்டையில் பழைய சாமான் விற்கும் குலாம் முகம்மது பாயிடம் ஒன்று கிடைத்தது.

"எந்த வண்டியோடது பாய்?"

"ஒரு மீன் வண்டி. டிரைவரே கொண்டாந்து போட்டான். நல்ல சரக்கு, எடுத்துக்கினு போ."

நல்ல சரக்குதான். விரிசல் இல்லை, தேய்மானம் இல்லை. ஆனால் மாட்டிவிட்டுக் கையால் சுற்றிப் பார்த்தபோது ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் நின்றது. யோசிக்கிற மாதிரி ஒரு நொடி நிற்கும். பிறகு... 'டக்'. தானாக விடும். அளவெல்லாம் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. புது பேரிங், பழகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

முதல் ஓட்டம் முடிந்ததும் ஆயிலை இறக்கினேன். அடியில் மணல் இருந்தது. நானே டீசல் ஊற்றி ஊற்றிக் கழுவிய இன்ஜின் அது. விரலில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. கடற்காற்று கொண்டுவந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ரோஸி டீ கொண்டுவந்தாள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. டம்ளரை நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"யாருங்க கத்தறது?"

"டர்போ விசில்டி, பயந்தாங்கொள்ளி."

அதற்குப் பிறகு அவள் ஷெட் பக்கமே வரவில்லை.

புயல் எச்சரிக்கை வந்தது. சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கே வானம் கரேல் என்று இருட்டிவிட்டது. கரண்டும் இல்லை. லாரியைச் சாலையோரம் மணல் விளிம்பில் நிறுத்தி, அறுபது அடிக் கயிற்றால் சூர்யாவின் படகைக் கட்டினோம்.

படகு இழுப்பதில் எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு. டிரைவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. முன்னால் மட்டும்தான் பார்க்க வேண்டும். படகோடு ஒருவன் உருளைக் கட்டையைத் தள்ளிக்கொண்டே குரல் கொடுத்து வருவான். "இழு" என்றால் இழுக்க வேண்டும். "நில்லு" என்றால் நிற்க வேண்டும். படகு மேட்டில் ஏறியதும் "போதும்" என்பான். அதைக் கேட்ட பிறகுதான் கயிற்றைத் தளர்த்த வேண்டும். அன்றைக்குக் குரல் கொடுத்தவன் சூர்யா.

"இழு மாமா!"

ஃபர்ஸ்ட் கியர். வண்டி ஒரு குலுக்கலோடு நகர்ந்தது. அடேயப்பா, என்ன இழுவை! சக்கரம் மணலைக் கடித்துக்கொண்டு போனது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

"இழு... இழு..."

இழுத்தேன்.

"இழு... இழு..."

கொஞ்ச தூரம் போன பிறகுதான் உறைத்தது. பின்னால் அறுபது அடிக் கயிறு. புயல் காற்று. டர்போ சத்தம். சூர்யா குரல் எப்படிக் காதோரத்தில் கேட்கிறது?

"இழு நைனா..."

சூர்யா என்னை ஒருநாளும் நைனா என்று கூப்பிட்டதில்லை. நைனா என்றால் அப்பா.

படகருகே நின்றிருந்த ரோஸி வண்டிக்கு முன்னால் ஓடிவந்தாள். இரண்டு கையையும் ஆட்டினாள். வாய் திறந்து திறந்து மூடியது.

"நிறுத்து! சூர்யா அடியில கீறான்! நிறுத்து!"

கிளட்சை மிதித்தேன். நியூட்ரல். ஹேண்ட் பிரேக். வண்டி நின்றது.

"இழு... இழு நைனா..."

அப்போதும் கேட்டது.

ஸ்டாப் கேபிளை இழுத்தேன். டீசல் நின்றால் இன்ஜின் நிற்க வேண்டும்.

நிற்கவில்லை.

சத்தம் ஏறியது... ஏறியது...

"இழு... இழு..."

பின்னாலிருந்து வரவில்லை.

என் காலடியிலிருந்து வந்தது.

இன்ஜினுக்குள்ளிருந்து.

குதித்து இறங்கி, சட்டையைக் கழற்றி, இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயில் திணித்தேன். இன்ஜின் முனகியது. திணறியது.

'டக்.'

நின்றுவிட்டது. அலைச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து படகைத் தூக்கி சூர்யாவை வெளியே எடுத்தார்கள். வலது கால் முட்டிக்குக் கீழே நசுங்கியிருந்தது. உயிர் இருந்தது. படகையும் அவர்களே கையால் தள்ளி மேட்டில் ஏற்றினார்கள். படகுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரோஸி இன்றுவரை அதைத் தொட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் சூர்யா கண் விழித்ததும், "இழு" என்று கத்திக்கொண்டே வந்தது அவன்தானா என்றுதான் முதலில் கேட்டேன்.

"ஒரே தபாதான் மாமா கத்தினேன். வண்டி நவுந்ததும் கட்ட சறுக்கி வுயுந்துட்டேன். வாய் பூரா மண்ணு. எங்கேர்ந்து கத்தறது?"

இன்ஜினைப் பிரித்தேன். டர்போ சீல் உடைந்து ஆயில் உள்ளே போனால் டீசலை நிறுத்தினாலும் இன்ஜின் ஓடும். அதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அதுவாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன் என்பதுதான் உண்மை. சீல் நன்றாக இருந்தது. குழாய் காய்ந்து கிடந்தது. ஆயிலின் அடியில் மட்டும் ஒரு கைப்பிடி மணல்.

கிராங்கைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டு குலாம் பாய்க்குப் போன் செய்தேன். அந்த டிரைவரை நான் பார்க்க வேண்டும் என்றேன். மறுநாள் காலை டிரைவரே ஷெட்டுக்கு வந்தார். பெயர் வேதநாயகம். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர், முழுக்க நரைத்த தலை. நடந்ததைச் சொன்னேன்.

"உன்ன இன்னான்னு கூப்ட்டான்?"

"நைனான்னு."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நானும் அந்த மீன் வண்டில இதே மாதிரிதாம்பா படகு இழுத்தேன். கொரல் குடுத்தது எம்புள்ள. மொத இழுப்புலயே படகு அவன் கழுத்துல ஏறிட்ச்சாம். அந்த நிமிசமே உசுரு போய்ட்ச்சுன்னு டாக்டரு சொன்னாரு." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆனா நான் ரோடு வரைக்கும் இழுத்தேன். கூப்ட்டுக்கினே வந்தான்."

அவர் கையை நீட்டி கிராங்கைத் தொட்டார்.

"கடசில 'போதும்'னு சொன்னானா?"

"இல்ல."

"என்னாண்டையும் சொல்லலப்பா."

குனிந்து அந்த இரும்பின் மேல் காதை வைத்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சத்தியமாகக் கேட்கவில்லை. ஆனால் அவர் கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாகப் பதில் சொன்னார்.

"தோ... இழுக்கறேண்டா."