கோணி கட்டிய மோட்டார்

எங்கள் தெருவில் பேட்டரி ஆட்டோ ஓட்டும் செவ்வந்திக்கு யார்மீதும் நம்பிக்கை கிடையாது. பக்கத்து வீட்டுக்காரி நான், ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்தால்கூட, "இன்னா விசேஷம்?" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆட்டோ சாவி எப்போதும் அவள் முந்தானையில்தான். அவள் புருஷன் வேதகிரி காலமெல்லாம் அம்பாசடர் டாக்சி ஓட்டியவன். அவனையே வண்டியைத் தொட விடமாட்டாள்.

உத்திரமேரூர் நர்சரி பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதுதான் அவள் பிழைப்பு. பங்குனி வெயிலில் ஒருநாள், பிள்ளைகளோடு இரண்டு மூட்டை உளுந்தையும் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரை மேட்டில் ஏறினாள். மோட்டார் சூடாகி வண்டி நின்றுவிட்டது. சற்று ஆறியதும் கிளம்பியது. அதற்குப் பிறகு மூட்டை ஏற்றாத நாளிலும் நின்றது.

மெக்கானிக் பின்பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்க்கிறேன் என்றான்.

"நல்ல சாமானைக் கழட்டிக்கினு பழசை மாட்டுவே. வாணாம்" என்று திரும்பிவிட்டாள்.

அவள் சந்தேகமெல்லாம் பாண்டுரங்கன்மேல். அதே ஸ்டாண்டில் டீசல் ஆட்டோ ஓட்டுகிறவன். இன்னொரு தடவை வண்டி நின்றால் பிள்ளைகளை அவன் வண்டிக்கு மாற்றிவிடுவதாகப் பள்ளியில் சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் காலையே நின்றது. பின்னால் வந்த பாண்டுரங்கன் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தான்.

"யக்கா, மோட்டார் மேல கோணி சுத்திக்கீது. மோட்டார்ல காத்தே படாது. அப்புறம் எப்டி சூடு எறங்கும்?"

"கட்டினவனுக்குத்தான் அது தெரியும்!" என்று வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவன் பிள்ளைகளைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான்.

காய்ந்து விறைத்த கோணியைப் பிய்த்தெடுத்து, வீட்டுக்கு வந்து வேதகிரி முன்னால் வீசினாள். "பாருய்யா, அந்தப் பாவி கட்டுனதை!"

வேதகிரி தலையைக் குனிந்துகொண்டான். "நான்தாம்மே கட்டினேன். அம்பாசடர்ல பெட்ரோல் பம்பு சூடானா ஈரத்துணி சுத்துவோம். நீ குளிக்கப் போறப்போ தெனமும் தண்ணி ஊத்தி நனைச்சேன்."

ஏரிக்கரைக்குப் போவதற்குள் அந்த ஈரம் காய்ந்து, கோணி போர்வையாகிவிடுகிறது. தகட்டைக் கழற்ற விட்டிருந்தால் மெக்கானிக் அன்றைக்கே சொல்லியிருப்பான். அன்று செவ்வந்தி சாப்பிடவில்லை. பிழைப்பு போய்விட்டது என்றே நினைத்தாள்.

அடுத்த நாள் கோணி இல்லாமல் வண்டி மேட்டில் நிற்காமல் ஏறியது. பள்ளி வாசலில் டீச்சர், "நேத்து பஞ்சராமே? பாண்டுரங்கன் சொன்னாரு" என்றார்.

செவ்வந்தி நேராக ஸ்டாண்டுக்குப் போனாள். "இன்னாத்துக்குப்பா எனக்காகப் பொய் சொன்னே?"

"இதுக்குமா சந்தேகம்?" என்றான் பாண்டுரங்கன். "என் வண்டியும் அந்த மேட்டுல நின்னு, நானும் பேஜார் பட்டுக்கீறேன்."

"நான் பேசுனது தப்புப்பா" என்றாள். அவள் வாயில் அந்த வார்த்தையை நாங்கள் யாரும் கேட்டதில்லை.

சாயங்காலம் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை வேதகிரியிடம் கொடுத்தாள். "நீயே வண்டியைக் கழுவி நிறுத்து. கோணி மட்டும் வாணாம்."

அவன் கழுவி, நிறுத்தி, பூட்டிவிட்டு உள்ளே போனான். சற்று நேரத்தில் செவ்வந்தி வெளியே வந்து, குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தாள்.