இருவருக்கும் சேர்த்துப் பேரம் பேசியவர்

சிஸ்டர் வசந்தா வெள்ளிக்கிழமை காலை பாசிர் ரிஸ் வீட்டில் மாரடைப்பால் காலமானார். கடையைத் திறந்துகொண்டிருந்தபோது அவருடைய தங்கை போனில் சொன்னார். ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் கல்யாணப் பட்டு விற்பவன் நான். பச்சிளம் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்த அவர், என் பழைய வாடிக்கையாளர். "அண்ணே, இது ஜரிகையா தங்கக் கம்பியா, இந்த விலை சொல்றீங்க?" என்று மடக்கிவிட்டு, காட்டன் சேலையோடு போவார். ஒரு மாம்பழ நிறப் பட்டுச் சேலையை மட்டும் வரும்போதெல்லாம் பிரித்துப் பார்த்து மடித்து வைப்பார்.

என் பேத்தி பிறந்ததும் இரத்தச் சர்க்கரை இறங்கி, அவர் வார்டுக்குக் கொண்டுபோனார்கள். மருமகளுக்குக் கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தது. "எல்லாம் அவ அம்மா வீட்டு வழி" என்று முணுமுணுத்தார் என் மனைவி.

சிஸ்டர் திரும்பினார். "ஏன்க்கா, பிள்ளைக்கு அப்பா இல்லையா? உங்க பையனுக்குக் கல்யாணக் கோட்டு இப்ப பட்டன் போட முடியுமா? அவரு சுகர் பார்த்தாரா?"

பார்த்ததில்லை. பிறகு பார்த்தபோது அவனுக்கும் கூடுதல்தான்.

எனக்கு நிதானமாக விளக்கினார். "அம்மா இரத்தத்துல சர்க்கரை கூடினா, வயித்துல உள்ள பிள்ளை அதுக்கேத்த மாதிரி இன்சுலின் சுரந்து பழகிடும். கொடியை வெட்டினதும் சர்க்கரை வரத்து நின்னுடும், இன்சுலின் உடனே நிக்காது. அதான் இறங்குது. அப்பா உடம்புக்கும் இதுல பங்கு உண்டுண்ணே. பயப்படாதீங்க, தேறிடுவா."

தேறினாள்.

இறப்பதற்குச் சில நாள்களுக்கு முன் கடைக்கு வந்தார்.

"ஜோடியா முதல்ல உங்ககிட்டதான் வர்றாங்க. எங்க வார்டுக்கு வரும்போது லேட்டு லா. ரெண்டு பேரும் சுகர் பார்த்துட்டு வந்தா பத்து பெர்சன்ட் குறைங்க."

"அஞ்சு."

"பிள்ளை விஷயத்துலயுமா பேரம்?"

"நீங்க பழக்கிவிட்டதுதானே சிஸ்டர்."

சிரித்தார். "அடுத்த வாரம் வர்றேன். பத்தோட இருங்க."

அடுத்த வாரம் நான்தான் போனேன். அவர் வீட்டு அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் கிடத்தியிருந்தார்கள். அந்த மாம்பழ நிறப் பட்டுச் சேலையைப் போர்த்தினேன். முதல்முறையாக அவர் விலை கேட்கவில்லை.

போய்வாருங்கள், சிஸ்டர். பத்துக்கே வந்துவிட்டேன். கல்யாணப் பட்டு எதுவானாலும் பத்து விழுக்காடு தள்ளுபடி. ரிசல்ட்டைக் காட்ட வேண்டாம், பார்த்துவிட்டோம் என்று வாயால் சொன்னால் போதும். ஆனால் பெண்ணும் மாப்பிள்ளையும் இருவருமே சொல்ல வேண்டும். பெண் மட்டும் பார்த்திருந்தால், முழு விலை.